பண்ணையாளும் பால்மரத் தொழிலாளியும்: இருவகைக் குடிமதிப்பேடுகள்

திறனாய்வு என்றதும் கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றையே நம்மவர் நினைக்கின்றனர். அரசாங்க ஏடுகளுக்கும் திறனாய்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாரும் உளர். ஓர் ஏடு யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறது, யாரை எண்ணாக்கிவிடுகிறது, எதனைத் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது என்று ஆராய்வதும் திறனாய்வே ஆகும். அந்நோக்கில் இருவகை ஏடுகளை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்து நாட்டில் எடுக்கப்பட்ட குடிமதிப்பேடு. மற்றொன்று, 1911 முதல் 1957 வரை நம் ஜொகூர் மாநிலம் உள்ளிட்ட மலாயாவில் எடுக்கப்பட்ட குடிமதிப்புகளின் அறிக்கைகள். (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று இன்று சொல்கிறோம், பழைய சொல்லே இக்கட்டுரைக்கு வசதியாக இருக்கிறது.) முன்னதில், பிறர் நிலத்தில் ஏர் பிடித்த பண்ணையாளின் குடும்பம் இருக்கிறது. பின்னதில், பிறர் நிலத்தில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பம் இருந்தாக வேண்டும். இருக்கிறதா என்பதே கேள்வி.

எங்கோ கிடக்கும் ஸ்காத்லாந்தை ஏன் இழுக்க வேண்டும் எனலாம். அந்நாடு நமக்கு அவ்வளவு தொலைவன்று. மலாயாத் தோட்டங்களை ஆண்ட துரைமார்களில் ஸ்காத்லாந்துக்காரர் பலர். சிங்கப்பூரில் 1821இல் கடை திறந்து, பிற்காலத்தில் பெருந்தோட்டங்களுக்கெல்லாம் தலைமை வகித்த கத்ரி நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் அந்நாட்டவரே. துரைமார் பிறந்த நாட்டிலும் கைகட்டி வேலை செய்த பண்ணையாட்கள் இருந்தனர் என்பதை நம் லயத்து மக்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அப்பண்ணையாட்களின் வரலாறு ஏடுகளில் எவ்வாறு தங்கியது என்று பார்த்தால், நம்முடையது எங்கே தங்காமற் போயிற்று என்பது தெளிவாகும்.

ஸ்காத்லாந்தில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்களை எண்ணினர். முதல் நான்கு முறையும் அவ்வேலை ஊர்ப்பள்ளி ஆசிரியர் தலையில் விழுந்தது. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவரும் எல்லா வீட்டையும் அறிந்தவரும் அவரே அல்லவா? அக்கணக்குகளில் பெரும்பாலும் தலையெண்ணிக்கைதான் இருந்தது. 1841இல்தான் எல்லோர் பெயரும் ஏட்டில் ஏறியது. அவ்வாண்டிலும் குறை உண்டு. பதினைந்துக்கு மேற்பட்டவர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தனர். ஆதலின் இருபத்து நான்கு வயதுக்காரனும் இருபதுக்காரனும் ஏட்டில் ஒத்த வயதினர் ஆயினர். பிறந்த இடத்தைக் கேட்டவர்கள் அந்த மாவட்டத்திலேயே பிறந்தவரா என்ற அளவோடு நிறுத்திக்கொண்டனர். 1851இல் ஏடு முழுமை பெற்றது. குடும்பத் தலைவர்க்கு என்ன உறவு, மணமானவரா, வயது என்ன, தொழில் யாது, எந்தப் பங்கில் பிறந்தவர் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினர். பங்கு என்பது ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்த்தொகுதி. நம் கிறித்தவ நண்பர்கள் இன்றும் வழங்கும் சொல். 1861இல் வீட்டில் சன்னலுள்ள அறைகள் எத்தனை, பள்ளி செல்லும் பிள்ளைகள் எத்தனை என்பனவும் சேர்ந்தன.

இந்த ஏட்டில் ஒரு பண்ணையாள் குடும்பம் எவ்வாறு தோன்றும் என்பதைக் கருதுவோம். அந்நாட்டுப் பண்ணையாள் நாட்கூலிக்காரன் அல்லன். மணமாகாதவனை ஆறு மாதத்துக்கும், மணமானவனை ஓராண்டுக்கும் பேசி அமர்த்துவர். மே மாதமும் நவம்பர் மாதமும் தவணை மாதங்கள். ஆள் பிடிக்கும் சந்தை கூடும், அச்சாரமாக ஒரு நாணயம் கைமாறும், பேச்சு முடிந்தது. தென்கிழக்கு மாவட்டங்களில் குடும்பத்தோடு அமர்ந்தவன் தன்னுடன் வயலில் வேலை செய்ய ஒரு பெண்ணாளையும் தானே தேடித் தருதல் வேண்டும் என்பது நிபந்தனை. கூலியின் பெரும்பகுதி ஓட்ஸ் மாவாகவும் உருளைக் கிழங்காகவும் ஒரு பசுவுக்கு மேய்ச்சலாகவும் கிடைக்கும். தவணை தீர்ந்ததும் சட்டி பானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவது அவர்களுக்கு இயல்பு.

இத்தகைய குடும்பத்துக்கு நிலமில்லை, வீடில்லை, உயிலில்லை. கல்லறையிற் கல் நாட்டவும் பெரும்பாலோர்க்கு வசதி இருந்திராது. ஆயினும் குடிமதிப்பேட்டில் 'பிறந்த பங்கு' என்ற கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்தால் அவர்கள் வாழ்க்கை முழுதும் வெளிப்பட்டுவிடுகிறது. தகப்பன் ஓரிடத்தில் பிறந்தவன். தாய் அடுத்த மாவட்டத்தவள். மூத்த பிள்ளை ஒரு பங்கில், இரண்டாவது வேறொரு பங்கில், மூன்றாவதும் நான்காவதும் ஒரே பங்கில், கைக்குழந்தை இப்போதிருக்கும் பண்ணையில். பிள்ளைகளின் வயதையும் ஊரையும் சேர்த்துப் பார்த்தால், எந்த ஆண்டு எங்கே வண்டி ஏறினர், எங்கே நாலைந்து ஆண்டு நிலைத்தனர் என்பது விளங்கும். குடும்பத்தின் அலைச்சலை எழுத வேண்டுமென்று எந்த அதிகாரியும் எண்ணவில்லை. பிள்ளை பெற்ற ஊர்களைக் கேட்டான். அலைச்சல் தானே ஏட்டில் விழுந்துவிட்டது. எழுதியவன் கருதாத பொருளை ஏடு சொல்லுமிடம் இது. எனக்கு இவ்வேடு இலக்கியம் போலத் தோன்றுவதும் இவ்விடத்திலேதான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 1841க்குப் பிந்தைய கணக்குகள் மார்ச்சு இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ எடுக்கப்பட்டவை. மே மாத இடப்பெயர்ச்சிக்கு முந்திய நிலையையே காட்டுவன. பதின்மூன்று பதினான்கு வயதில் வேலைக்குப் போன மகன், பெற்றோர் பக்கத்தில் இரான். வேறொரு பண்ணையின் பக்கத்தில் 'வேலைக்காரன்' என்ற உறவோடு நிற்பான். தாயும் மகனும் ஒரே ஏட்டின் இரு மூலைகளில் பிரிந்து கிடப்பர். எல்லாவற்றினும் பெருங்குறை, மனைவியின் தொழிற்கட்டம் வெறுமையாக விடப்பட்டிருப்பது. கிழங்கு பொறுக்கியும் களை பறித்தும் கதிர் அறுத்தும் நின்றவள், வீட்டில் சும்மா இருந்தவளைப் போலப் பதிவானாள்.

இனி நம் பக்கம் வருவோம். பெயரும் ஊரும் எழுதி மக்களைப் பதியும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டொன்று ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரிசைப்படுத்துகிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் விவரம் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அக்கல்லில் ஸ்காத்லாந்து ஏட்டின் முக்கியக் கட்டங்கள் அப்படியே உள்ளன. பெயர்கள் ஏன் எழுதப்பட்டன? அவர்கள் ஒவ்வொருவர்க்கும் நெல்லில் பங்கு உண்டு. பங்கு கொடுக்கவேண்டுமாயின் பெயர் வேண்டும். அந்நெல்லை விளைவித்த ஊர்களில் ஏர் பிடித்தவர் பெயரைக் கல் சொல்லவில்லை. கொடுக்கவேண்டியவர்க்கே பெயர் எழுதினர் என்ற இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் 1871 முதல் குடிமதிப்பு எடுக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டுத் தொழிற்பட்டியலில் பண்ணை வேலைக்காரர் என்றும் வயற்கூலிகள் என்றும் இரு தனிப் பிரிவுகள் இருந்தன. 1911இல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர். ஸ்காத்லாந்து ஏட்டிலிருந்த அதே ஆங்கிலச் சொல் தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் கூட்டல் முடிந்ததும் வீட்டுவாரிச் சீட்டுகள் கழிக்கப்பட்டன. தொகை அச்சேறியது, பெயர் போயிற்று. ஸ்காத்லாந்தில் கணக்கெடுத்தோர் எழுதிய மூல ஏடுகளை வைத்திருந்து, நூறாண்டு கழிந்தபின் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கின்றனர். 1921ஆம் ஆண்டு ஏட்டை 2022இல் திறந்துவிட்டனர். அந்நாட்டுப் பண்ணையாளின் கொள்ளுப் பேரன் வீட்டிலிருந்தபடியே தன் முன்னோரின் பெயரைத் தேடிப் படிக்கிறான்.

இங்கே சொற்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்வர். தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாள், படியாள் என இருபெயர் வழங்கின. பண்ணையாள் என்பது இடத்தால் வந்த பெயர். படியாள் என்பது அவன் பெற்ற கூலியால் வந்த பெயர். படி நெல் வாங்குகிறவன் படியாள். கப்பலேறி மலாயா வந்ததும் 'ஆள்' என்ற பாதியும் கழன்று, 'கூலி' என்ற சொல்லே அவனுக்குப் பெயராயிற்று. கூலி வாங்குபவன் என்பதுகூட இல்லை, அவனே கூலி. தமிழில் ஊதியத்தைக் குறித்த சொல் ஆங்கில அறிக்கைகளில் மனிதனைக் குறிக்கும் சொல்லாகி, உலகெங்கும் சென்றது. அச்சொல் தமிழ்ச் சொல் அன்று என்பாரும் உண்டு. சொற்பிறப்பு எதுவாயினும், மலாயா அறிக்கைகளில் அச்சொல்லால் சுட்டப்பட்டவர் பெரும்பாலும் நம்மவர் என்பதில் ஐயமில்லை.

ஜொகூரில் முதல் குடிமதிப்பு 1911இல் எடுக்கப்பட்டது. கெம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை 1909இல் முடிந்திருந்தது. பாதையின் இருமருங்கிலும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று காடு வெட்டித் தோட்டங்கள் தோன்றின. 1911இல் ஆறாயிரத்துக்கும் குறைவாக இருந்த இந்தியர் தொகை 1921இல் ஏறத்தாழ 24,000 ஆயிற்று. 1931இல் ஏறத்தாழ 51,000. அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணி அழைத்துவர, நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் தங்கிக் கப்பலேறியவர்கள். முந்திய கணக்கில் தஞ்சையிலோ திருச்சியிலோ 'பண்ணை வேலைக்காரர்' என எண்ணப்பட்டவருள் ஒருசாரார், அடுத்த கணக்கில் ஜொகூரில் 'தமிழர்' என எண்ணப்பட்டனர்.

1921இல் மலாயா முழுமைக்கும் நேதன் என்பவர் கண்காணிப்பாளர். 1931இல் வ்லீலண்ட், 1947இல் டெல் டூஃபோ, 1957இல் ஃபெல். இந்நால்வர் அறிக்கைகளுள் வ்லீலண்டின் அறிக்கையே சிந்தனை மிக்கது. 'இனம்' என்ற சொல்லைத் தாம் எந்தப் பொருளில் ஆள்கிறோம் என்பதை அவர் வெளிப்படையாக ஆராய்கிறார். பிறந்த நிலம், மொழி, அரசியற் சார்பு, கூடி வாழும் பழக்கம் ஆகிய பலவும் கலந்த ஒரு பொதுப்பெயராகவே அதனை வழங்குவதாக ஒப்புக்கொள்கிறார். இந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும் அவர் அட்டவணைகளைப் புரட்டப் புரட்ட ஒன்று தெரிகிறது. குடும்பம் என்ற அலகு அங்கே இல்லை. இனம் உண்டு, பால் உண்டு, வயது உண்டு, தொழில் உண்டு. ஒருவனுக்கு மனைவி யார், அவளுக்குப் பிள்ளை எத்தனை என்பதற்கு இடமில்லை. நாட்டுக்கு எத்தனை கைகள் வந்தன, எத்தனை போயின என்பதே ஆள்வோர் அறிய விரும்பியது.

பிறப்பிடக் கட்டம் இங்கும் உண்டு. அதுதான் மனத்தை வருத்துவது. ஸ்காத்லாந்துப் பண்ணையாளுக்குப் பங்கின் பெயர். நம்மவர்க்கோ அச்சேறிய அட்டவணையில் மலாயா அல்லது இந்தியா. ஆயினும் இந்த ஒற்றைக் கட்டமும் சிறிதளவு பேசுகிறது. மலாயா இந்தியருள் இந்நாட்டிலேயே பிறந்தவர் 1921இல் நூற்றுக்கு 12 பேர். 1931இல் 21 பேர். 1947இல் ஏறத்தாழப் பாதி. 1957இல் 65 பேர். வந்து போகும் ஆட்கூட்டம் என்று அரசு எண்ணியிருந்தது, குடியாக மாறிவிட்டது என்பதை இவ்வெண்கள் உரைக்கின்றன. ஆண் பெண் விகிதமும் அவ்வாறே. 1921இல் ஆயிரம் ஆணுக்கு நானூறு பெண்கள் அளவில் இருந்தனர். 1931இலும் ஐந்நூறு எட்டவில்லை. ஆடவர் பலர்க்கு இங்கே குடும்பமே இல்லை என்பது இதன் பொருள். அவர்கள் குடும்பம் ஊரில் இருந்தது. ஊரில் எடுத்த கணக்கிலோ அவர்கள் இல்லை. தாய் ஒரு பக்கத்திலும் மகன் ஒரு பக்கத்திலும் கிடந்த ஸ்காத்லாந்து ஏட்டையாவது ஒருங்கே விரித்துப் பார்க்கலாம். நம் குடும்பத்தின் இருபாதிகளோ இரு நாட்டு எண்களுள் கரைந்துவிட்டன.

ஒரு செய்தியில் மட்டும் நம் ஏடு அவர்கள் ஏட்டை வென்றது. தோட்டத்தில் பெண்ணின் உழைப்பு மறைக்கப்படவில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பெண்ணும் பதில் சொல்லியாக வேண்டும். ஆணுக்கு ஐம்பது காசு கூலி என்றால் பெண்ணுக்கு நாற்பது என்று நிர்ணயித்த காலமும் உண்டு. அநீதியான கணக்குத்தான், ஆயினும் கணக்கில் அவள் இருந்தாள். மலாயா அட்டவணைகளில் பால்மரத் தோட்டப் பெண் தொழிலாளர்க்குத் தனி வரிசை உண்டு. அடுப்பில் உலை வைத்துவிட்டு விடியுமுன் வெட்டுக்குப் போன பாட்டியை 'வீட்டு வேலை' என்று எழுதி மறைக்கவில்லை.

1931ஆம் ஆண்டுக் கணக்கை எச்சரிக்கையோடு படிக்கவேண்டும். இரப்பர் விலை வீழ்ந்த காலம் அது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் அரசுச் செலவில் திருப்பி அனுப்பப்பட்டனர். கப்பல்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த வேளையிலே எண்ணிய கணக்கு அது. பிறகு 1941இல் எண்ணவேயில்லை. சப்பானியப் படை ஆண்டிறுதியில் வந்துவிட்டது. 1947இல் மீண்டும் எண்ணியபோது, 1931இல் சிங்கப்பூர் உட்பட மலாயாவில் ஆறேகால் இலட்சம் அளவில் இருந்த இந்தியர் ஆறு இலட்சத்துக்கும் சற்றுக் குறைந்திருந்தனர். பதினாறு ஆண்டுகளில் ஓரினம் வளராமல் தேய்ந்திருக்கிறது. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியது ஒரு காரணம். சயாம்–பர்மா இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து வாரிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்கள் மற்றொரு காரணம். அட்டவணையில் இவர்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை. இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள குறைவே அவர்களுக்கு ஏட்டில் கிடைத்த இடம். ஆர். சண்முகம் 1993இல் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலை நான் மதிப்பது இதனாலேயே. கணக்கேட்டில் விடுபட்ட இடத்தில் அது புகுந்து நிற்கிறது.

நம் தோட்ட நாவல்களைப் பற்றிப் பொதுவாக ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. கொடிய கங்காணி, இரக்கமற்ற துரை, கள்ளுக்கடை, மாரியம்மன் திருவிழா ஆகியவை வரிசையாக வந்துவிடுகின்றன. குடும்பமோ முதல் பக்கத்தில் எந்த லயத்தில் இருந்ததோ அதே லயத்தில் கடைசிப் பக்கம் வரை இருக்கிறது. உண்மை வாழ்க்கை அப்படியன்று. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தபின், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டம் போகத் தொழிலாளிக்கு உரிமை இருந்தது. போனார்கள். அங்கே கூலி இரண்டு காசு கூட என்றும், இங்கே தண்ணீர் சரியில்லை என்றும், தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம் என்றும், கங்காணியோடு சண்டை என்றும் மூட்டை கட்டினார்கள். ஸ்காத்லாந்துப் பண்ணையாள் மே மாதத்தில் வண்டி ஏறியதுபோல இவர்கள் ரெங்கத்திலிருந்து பாலோவுக்கும், அங்கிருந்து லாபிசுக்கும் இரயில் ஏறினார்கள். மூத்தவன் ஒரு தோட்டத்தில் பிறக்க, இளையவள் மற்றொரு தோட்டத்தில் பிறந்தாள். இந்த நகர்ச்சியை விட்டுவிட்டுத் தோட்டத்தை ஒரு சிறையாக மட்டும் காட்டும்போது, அம்மக்கள் தம் விருப்பத்தால் செய்த சிலவற்றையும் அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறோம். எழுத்தாளர்கள் இதனைக் கருதல் வேண்டும்.

தமிழர் பெயர்முறையும் இங்கே ஒரு சிக்கல். ஸ்காத்லாந்துக் குடும்பத்தைத் தொடர்வதற்குக் குடிப்பெயர் துணை. நமக்குக் குடிப்பெயர் இல்லை. தகப்பன் பெயர் ஒரு தலைமுறைக்கு மட்டும் முன்னே நின்று மறைகிறது. ஆயினும் ஒரு பொருத்தம் உண்டு. அந்நாட்டு வழக்கில் முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும் இடுவர். நாமும் பாட்டன் பெயரை இடுவதால்தானே மகன் மகனைப் பெயரன் என்றோம்? பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்புவதால், முனியன் மகன் காத்தான், காத்தான் மகன் முனியன் என்று சங்கிலி தொடரும். அச்சங்கிலியைக் கோத்துக் காட்ட 'உறவு' என்ற கட்டம் வேண்டும். அந்தக் கட்டமே அச்சேறிய அறிக்கைகளில் இல்லை.

சாதியைப் பற்றியும் ஒரு சொல். சென்னை மாகாணக் கணக்குகளில் சாதிக்குப் பக்கம் பக்கமாக அட்டவணை இருந்தது. பண்ணையாட்களாக உழைத்தவருள் மிகப்பலர் பள்ளரும் பறையரும். மலாயாக் கணக்கில் அவர்களும் பிறரும் 'தமிழர்' என்ற ஒரே பெயரில் அடங்கினர். இதனை இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் தலைகுனிய வைத்த பெயரை ஏட்டிலிருந்து கடல் கழுவிவிட்டது. லயத்தில் அது உடனே ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மையே.

அப்படியாயின் நம் குடும்பம் எங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது? தஞ்சைக் கல்வெட்டு சொன்ன நெறிப்படி, கொடுக்கவேண்டிய இடத்தில்தான் பெயர் இருக்கும். முதலாவது, கூலி கொடுத்த இடம். கிராணி எழுதிய செக்ரோலில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயர். அதில் உறவு இராது. தோட்டம் கைமாறும்போதும் பால்மரம் அழிந்து செம்பனை வந்தபோதும் அந்த ஏடுகளைக் காப்பாற்றக் கவலைப்பட்டவர் அரியர். இரண்டாவது, பிறப்புப் பத்திரம். இதன் அருமை 1957க்குப் பின்னரே நம்மவர்க்கு உறைத்தது. விடுதலை நாளுக்குப் பின் இங்குப் பிறந்தவர்க்குக் குடியுரிமை தானே வந்தது. முன்னே பிறந்தவரும் வந்து குடியேறியவரும் விண்ணப்பித்துச் சான்று காட்ட வேண்டியிருந்தது. சான்று இல்லாதவர், எழுதத் தெரியாதவர், கிராணி ஒரு விதமாகவும் மருத்துவமனை ஒரு விதமாகவும் எழுதிய பெயரைக் கொண்டவர் தடுமாறினர். 1969இல் குடியுரிமை அற்றவர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரவர் கப்பலேறினர். இந்நாட்டில் பிறந்த பிள்ளைகளும் அவர்களுடன் சென்றனர். ஒரு பெயரை ஏட்டில் ஒழுங்காக எழுதாததன் விளைவு, தமிழ்நாட்டில் முன்பின் பார்த்திராத ஓர் ஊரில் போய் இறங்குவதாக முடிந்தது. சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர்க்கு அவ்விழுபறி இன்றும் தீரவில்லை.

மூன்றாவது, பள்ளிக்கூடம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், கூட்டு மலாய் மாநிலங்களில் ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. அதனை ஒத்த ஏற்பாடு ஜொகூரிலும் வந்தது. ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் கிடுகு வேய்ந்த அப்பள்ளிகளை எள்ளி நகையாடியவர்கள் உண்டு. ஆனால் அங்கே ஒரு சேர்க்கைப் பதிவேடு இருந்தது. பிள்ளை பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், தகப்பன் தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள். தமிழ்க் கையெழுத்தில், அக்குடும்பத்தை நேரில் அறிந்த ஆசிரியர் எழுதியது. ஸ்காத்லாந்தில் தலையெண்ணிக்கைக்கு ஊர்ப்பள்ளி ஆசிரியரை ஏவினார்கள். இங்கே நம் ஆசிரியர் ஏவுவாரின்றியே ஒரு குடிமதிப்பை எழுதி வைத்திருக்கிறார்.

அந்நாட்டு ஆசிரியர் ஒருவரை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அபர்தீன் பக்கத்தில் நியூ டீர் என்ற பங்கில் பள்ளி நடத்திய கவின் கிரெய்க், பண்ணையாட்கள் கொட்டிலில் பாடிய பாட்டுகளைத் திரட்டினார். பாதிரியார் ஜேம்ஸ் டங்கன் அவருக்குத் துணை. இருவரும் சேர்த்தவை மூவாயிரத்துக்கு மேல். 1907 முதல் 1911 வரை வட்டாரச் செய்தித்தாள் ஒன்றில் கிரெய்க் வாரந்தோறும் அவற்றைப் பற்றி எழுதினார். வாசகர்கள் மேலும் பாட்டுகளை அனுப்பினர். பண்ணைக்காரரின் கஞ்சத்தனத்தையும் குதிரைகளின் அழகையும் கஞ்சியின் தரத்தையும் பண்ணையாட்கள் பெயர் சொல்லிப் பாடிய பாட்டுகள் அவை. குடிமதிப்பேட்டில் ஒரு பண்ணையின் பெயரைக் காண்பவர் அதே பண்ணையைப் பாட்டிலும் காணலாம். ஏடு தந்த எலும்புக்குப் பாட்டு தசையாயிற்று. அவர் 1914இல் மறைந்தார். தொகுப்பு முழுதும் அச்சாவதற்கு 2002 வரை ஆயிற்று. நம் நாட்டிலும் தோட்டப் பாடல்களைத் தேடித் திரட்டிய ஆசிரியர்கள் உள்ளனர். பாட்டைச் சேர்த்த அளவுக்குப் பதிவேட்டைச் சேர்க்க யாரும் முனையவில்லை என்பதே என் வருத்தம்.

ஜொகூரில் தோட்டப்பள்ளிகள் பல நகர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன, சில மூடப்பட்டன. இடம் மாறும்போது மேசை நாற்காலிக்கு லாரியில் இடம் கிடைக்கிறது. கறையான் தொட்ட பழைய பதிவேட்டுக்குக் கிடைப்பதில்லை. அதனை வைத்திருக்கும் தலைமையாசிரியர்கள் ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். பதிவேட்டில் வேறொரு பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றோடு வந்த பிள்ளைக்கு 'முன்பு பயின்ற பள்ளி' என்ற கட்டம் நிரப்பப்பட்டிருக்கும். ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் கண்டுபிடித்து, அந்தக் கட்டத்தையும் பிறந்த இடத்தையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். மூத்தவன் ஒரு தோட்டத்தில் பிறந்து மற்றொன்றில் எழுத்தறிந்திருப்பான், நடுப்பிள்ளை இரண்டாம் தோட்டத்தில், கடைக்குட்டி இங்கே. விலகிய நாள் கட்டத்தில் 1930க்கு நேரே 'ஊருக்குப் போய்விட்டான்' என்றும், பின்னொரு காலத்தில் 'வேலைக்குப் போகிறாள்' என்றும் குறித்திருக்கலாம். 1942, 1943 ஆண்டுகளுக்கு நேரே ஏதேனும் எழுதியிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.